பனிக்குகைப் படியில் உட்கார்ந்தவள்

அவளுக்கு வெங்கலம் என்று பெயர் வைத்தது யார் என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை. குகையின் அடிப்படியில் நின்று அவள் பேசினால், மேல்படியில் நிற்பவருக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கும். அப்படி ஒரு தொண்டை. மலையடிவாரத்து ஊரில் ரோப் கார் ஓட்டுகிறவர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் வெங்கலக்காதான்.

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பனிக்குகையைச் சுற்றிக் காட்டும் வேலை. வாசலில் ஓர் இரும்புக் கதவு. கோடையில் அதைத் திறந்தால் உள்ளேயிருந்து பாய்கிற குளிர்காற்று கைவிளக்குகளை அணைத்துப் போட்டுவிடும். எல்லோரையும் உள்ளே விட்டு, தலைகளை எண்ணி, கதவைச் சாத்தி, மறுபடி விளக்கேற்ற வேண்டும். மின்விளக்கு போட்டால் பனி உருகும் என்பதால் ஐந்து பேருக்கு ஒரு கைவிளக்கு, அவ்வளவுதான் வெளிச்சம். பிறகு இருநூற்று அறுபது மரப்படிகள் மேலே. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் பனிச்சுவர். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும், இறங்க முடியும்.

"இங்க வழுக்கினா நேரா டிக்கெட் கவுண்டர்ல போய்தான் நிப்பீங்க. மறுபடி புதுசா டிக்கெட் எடுத்துட்டு வரணும்" என்பாள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை இதைச் சொல்வாள். ஐந்து தடவையும் சிரிப்பார்கள்.

அந்த வருடம் குளிர்காலம் முடிந்து குகையை மறுபடி திறந்த மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவளுக்கு அது வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. யாரும் விழவில்லை, பனி உடையவில்லை. யானை மாதிரி இருக்கும் பனிப்பாறையைக் காட்டி, "தும்பிக்கை தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று மூச்சு பாதியில் நின்றது. தலைக்கு மேலே இருக்கும் மலை முழுவதும், அதன் மேலே நிற்கும் மரங்களும் பாறைகளும் சேர்த்து, தன்மேல் உட்காரப் போகிறது என்று தோன்றியது. எப்படியோ கூட்டத்தை வெளியே கொண்டுவந்து சேர்த்தாள்.

நெஞ்சுவலி என்று நினைத்து டாக்டரிடம் போனாள். அவர் ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க இதயத்துக்கு ஒரு குறையும் இல்ல. இது பயம்" என்றார்.

"பயமா? எனக்கா? பாதி ஆயுசு அந்தக் குகையிலதான் போயிருக்கு டாக்டர்."

"வர்றதுக்குக் காரணம் இருக்கணும்னு இல்லைம்மா. கொஞ்ச நாள் லீவு போடுங்க."

லீவு எங்கே போடுவது? நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு வழிகாட்டி, கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். அதுகூடப் பெரிய விஷயமில்லை. வெங்கலத்துக்குப் பயம் என்று ஊரில் தெரிந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பது என்பதுதான் அவளை அரித்தது. சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். இஞ்சின் சத்தத்தில் இருக்கும் கோளாறைத் தவிர வேறு எதையும் கவனிக்கிற ஆளில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு நாலு மாதம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கதவைச் சாத்தும்போதே இஞ்சி மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வாள். ஏறும்போது படிகளை மனசுக்குள் எண்ணுவாள். யானையைக் காட்டும்போது யானையைப் பார்க்கமாட்டாள். வந்தவர்களின் காலணிகளையே பார்ப்பாள். சுற்று முடிந்து வெளியே வந்ததும் கழிப்பறைக்குள் போய், கதவைத் தாழிடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள். அதற்குள் அடுத்த கூட்டம் வாசலில் கொடுக்கிற குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு நிற்கும். சாயங்காலம் ரோப் காரில் இறங்கும்போது, இது நின்றுபோய் நாளைக்கு யாராலும் மேலே வர முடியாமல் போகட்டும் என்று வேண்டிக்கொள்வாள்.

கோடையின் கடைசியில் ஒரு நாள், நாலாவது சுற்று. இருபத்தெட்டு பேர். முன்னால் நின்றவர் ஒரு முடிதிருத்துகிறவர், குண்டான மனிதர், தனியாக வந்திருந்தார். கதவுக்கு உள்ளே வந்ததிலிருந்து கேள்வி மேல் கேள்வி. "இது எத்தனை வருஷத்துப் பனி? யாராவது உள்ளயே மாட்டியிருக்காங்களா? கதவு தானா சாத்திக்குமா?" அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியபடி ஏறினாள்.

உச்சித் தளத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு இறங்கத் திரும்பினாள். முதல் பத்துப் படிதான் இறங்கியிருப்பாள். கால் இரண்டும் நின்றுவிட்டன. கையிலிருந்த விளக்கு நழுவி, படிகளில் தடதடவென்று உருண்டு, கீழே எங்கேயோ அணைந்தது. அவள் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் இருபத்தெட்டு பேரும் வரிசையாக நின்றார்கள். அவளைத் தாண்டிப் போக இடமில்லை.

"என்னாச்சு? ஏன் நிக்கிறோம்?" என்று மேலேயிருந்து ஒரு குரல். "அந்தம்மாவுக்கு மயக்கமா?" என்று இன்னொரு குரல். நேரம் போகப் போகக் குளிர் ஏறியது. யாரோ ஒரு பெண் விடாமல் இருமினாள். பின்னாலிருந்து தள்ளினார்கள், நடுவில் ஒருவர் சறுக்கி, பக்கத்து ஆளின் கோட்டைப் பிடித்துத் தப்பினார். அது வெங்கலத்துக்குக் கேட்டது. எழுந்திரு, எழுந்திரு என்று தன்னையே கெஞ்சினாள். உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

முடிதிருத்துகிறவர் குனிந்து விளக்கை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "என்னம்மா பண்ணுது?"

"பயமா இருக்கு" என்றாள். இருபத்தெட்டு பேருக்கும் கேட்டது. வேறு எதற்கும் வராத குரல் அதற்கு மட்டும் வந்துவிட்டது.

முடிதிருத்துகிறவர் விளக்கைத் தாழ்த்தினார். பிறகு அவர், "எனக்கும் கதவு சாத்தினதிலிருந்து உதறல்தான். நீங்க இருக்கிற தைரியத்துலதான் ஏறினேன்" என்றார். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது.

"நிக்க முடியலன்னா உக்காந்தே இறங்குங்க. நான் பின்னாடி இருந்து உங்க தோளைப் பிடிச்சுக்கிறேன்" என்றார்.

அப்படித்தான் இறங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைகள் மாடிப்படியில் இறங்குவதுபோல, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து. படிகள் அவளுக்கு மனப்பாடம். "இன்னும் ஆறு. அப்புறம் இடது பக்கம் வளையும். அங்க ஈரம்" என்று முனகுவாள். அவர் அதைப் பின்னால் இருப்பவருக்குச் சொல்வார். அங்கிருந்து கடைசி ஆள் வரை போகும். கால்சட்டை நனைந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. மேலே யாரோ கைபேசியில் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. தடுக்க அவளிடம் தெம்பில்லை. நூறு படிக்கு மேல் அப்படி. அதற்கப்புறம்தான் எழுந்து நிற்க முடிந்தது. கதவைத் திறந்து விட்டபோது ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முடிதிருத்துகிறவர் மட்டும் கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் புகார் வந்தது. படமும் வந்தது. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தபடி, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. ஒருத்தர் விழுந்திருந்தா?" என்று கேட்டார். அவள் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் கணவரிடம் சொல்ல வாயெடுத்தபோது அவர், "தெரியும்" என்றார்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நாலு மாசமா ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத் தூங்குற. குளிக்கிறப்போகூடக் கதவைச் சாத்துறதில்ல. நான் என்ன குருடனா?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

சொல்லியிருக்கமாட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

குளிர்காலம் முழுக்க ஹோட்டல் ஒன்றின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்தாள். அந்த அறைக்குப் பெரிய ஜன்னல் இருந்ததால் சேர்ந்தாள். மாடிக்கு லிஃப்ட் இருந்தும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியில்தான் ஏறினாள். தெருவில் "வெங்கலக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

குகை மறுபடி திறந்ததும் சூப்பர்வைசர் வீடு தேடி வந்தார். "வெளிய நின்னு கோட்டு குடுக்கிற வேலை ஒண்ணு இருக்கு. உள்ள போக வேண்டாம்." முடியாது என்று சொல்லிவிட்டாள். ஆனால் அவர் கிளம்பும்போது கூப்பிட்டு வேறொன்று கேட்டாள்: திங்கட்கிழமை விடுமுறைதானே, அன்றைக்கு மட்டும் சாவி கிடைக்குமா? யாரிடமும் சொல்லக்கூடாது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

இப்போது திங்கட்கிழமைகளில் அவளும் கணவரும் மேலே போகிறார்கள். அவர் முட்டிவலி என்று முணுமுணுத்துக்கொண்டே கைவிளக்கைப் பிடித்து நிற்கிறார். கதவைச் சாத்துவதில்லை. முதல் திங்கள் நாலு படி ஏறினாள். அடுத்த வாரம் ஒன்பது. ஒரு தடவை முப்பத்தொன்று. அன்று வீட்டுக்கு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். அதற்கடுத்த வாரம் கதவுக்கு வெளியே நின்று அந்தக் குளிர்காற்று முகத்தில் பட்டதும் வாந்தி எடுத்தாள். ஒரு படிகூட ஏறவில்லை.

"போலாமா?" என்றார் கணவர்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.