அவர் என்னைக் கைவிட்டுப் போன திகதி

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் எந்த மழைக்கு வெள்ளம் ஏறியது, எந்தக் கிழமை மின்வெட்டுத் தொடங்கியது என்று சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். திகதிகளைக் குறித்து வைப்பது என் வழக்கம். அதனால்தான் சட்டத்தரணியின் கேள்வி எனக்கு அவ்வளவு எரிச்சலைத் தந்தது.

“மிஸிஸ், கணவர் உங்களைக் கைவிட்டுப் போன திகதி?”

“அவர் கைவிடேல்லை. நான்தான் பிரிவம் எண்டு கேட்டனான். அவரும் ஓம் எண்டவர்.”

“அது எனக்கும் தெரியும். கோர்ட்டுக்கு ஒரு திகதி வேணும்.”

எங்கள் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு ஒருவர் குற்றவாளியாக வேண்டும். சோரம் போயிருக்க வேண்டும், அல்லது தீய நோக்கத்தோடு கைவிட்டுப் போயிருக்க வேண்டும். மூன்றாவது காரணம் ஆண்மையின்மை. எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். மனமொத்துப் பிரிந்தவர்களுக்கு வழி இல்லை. ஆகவே புதுக்கடை நீதிமன்றத்தில் பலரும் செய்வது இதுதான்: இருவரும் பேசி ஒருவரைக் குற்றவாளி ஆக்குவார்கள். அவர் வழக்குக்கு வராமல் இருந்துவிடுவார். மற்றவர் கூண்டில் ஏறி, கைவிட்டுவிட்டார் என்று சொல்வார். சில நிமிடங்களில் கலியாணம் முடிந்துவிடும்.

குற்றம் காட்டாமலே பிரிய விடும் சட்டம் வரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. ஒன்று விடாமல் வாசித்தேன். சட்டம் ஆலோசனையிலேயே இருந்தது. பிரிகிறவர்களைச் சேர்த்து வைப்பதற்கான அரசாங்கக் காசு மட்டும் முந்திக்கொண்டு வந்தது. பிரதேச செயலகத்தில் குடும்ப உளவளத்துணைக்கென்று ஓர் அறை, புதுப் பூச்சு, மெத்தை வைத்த கதிரைகள். இருவரும் போனோம். அங்கே ஆலோசனை சொல்ல இருந்த பிள்ளை நல்ல பிள்ளை.

“அன்ரி, அங்கிளோட கடைசியாச் சந்தோசமாக் கதைச்சது எப்ப?”

“இப்ப, பஸ்ஸில வரேக்க,” என்றார் அவர்.

“அப்ப என்ன பிரச்சினை?”

“ஒரே வீட்டில இருந்தா நாங்கள் கதைக்கிறேல்லை, பிள்ளை,” என்றேன். “இவர் பாமன்கடையில தனிய ஒரு அனெக்ஸ் வாடகைக்கு எடுத்தாப் பிறகுதான் கதைக்கத் தொடங்கினனாங்கள்.”

அந்தப் பிள்ளை படிவத்தில் ஏதோ எழுதி, பிறகு அதை வெட்டியது.

சட்டத்தரணி தானே ஒரு திகதியைப் போட்டு மனுவை முடித்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் கணவர்தான் சமாதானம் சொன்னார். “போடட்டும். கெட்டவன் எண்டா கெட்டவன்தான். ஆர் வாசிக்கப் போகினம்?”

வழக்கு நாளன்று நல்ல மழை. என்னைத் தீய நோக்கத்தோடு கைவிட்டவர் ஓட்டோ பிடித்து, குடையோடு என்னைக் கூட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் போய் ஒளிந்துகொண்டார்.

நான் கூண்டில் ஏறினேன். சட்டத்தரணி அந்தத் திகதியை வாசித்து, “அன்று பிரதிவாதி உங்களைக் கைவிட்டுச் சென்றாரா?” என்று கேட்டார்.

ஓம் என்று ஒரு சொல் போதும். ஆனால் அந்தத் திகதியை எனக்குத் தெரியும். அன்று நாங்கள் இருவரும் நுகேகொடையில் அவருடைய அனெக்ஸுக்குத் திரைச்சீலை தெரிவுசெய்துகொண்டிருந்தோம். பச்சை வேண்டாம், வெயிலுக்கு வெளிறும் என்று சொன்னது நான்.

“இல்லை,” என்றேன்.

சட்டத்தரணி கடுதாசிகளை அடுக்கத் தொடங்கினார். அப்படியென்றால் என்ன நடந்தது என்று நீதிபதி கேட்டார். திரைச்சீலை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இப்போதைய சட்டத்தில் இதற்கு இடமில்லை, அம்மா, என்றார்.

கடையில் அவர் பாதி ரோல்ஸோடு நிமிர்ந்தார்.

“முடிஞ்சுதோ?”

“தள்ளுபடி.”

“உமக்கு ஒரு பொய் சொல்ல ஏலாதே? என்னைப் பற்றித்தானே. நானே சொல்லச் சொன்னனான்.”

“என்னைப் பற்றியும்தான். கைவிடப்பட்டவள் எண்டு என்ர பேருக்குப் பக்கத்தில ஒருத்தரும் எழுதக்கூடாது. நான் கேட்டுப் பிரிஞ்சவள்.”

“அப்ப நான் இன்னும் உம்மட புருசன்.”

“சட்டத்துக்கு.”

“சட்டத்தின்ர புருசனுக்கு ஒரு தேத்தண்ணி சொல்லும்,” என்றார். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. சொன்னேன்.

மழை விட்டதும் அவர் பாமன்கடைக்குப் போனார். நான் என் வீட்டுக்கு வந்தேன். பிரிவோம் என்று நான் கேட்ட திகதி எனக்குத் தெரியும். அதைக் கேட்கிற சட்டம் வரட்டும். அன்றைக்குக் கூண்டில் ஏறிச் சொல்கிறேன்.