கருமாதி எழுத்தில் வந்த குடமுழுக்கு அழைப்பு

குணசேகரன் இறந்த செய்தி எனக்குச் சொல்லாக வரவில்லை. கைபேசியில் படமாக வந்தது. ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் கட்டியிருந்த அஞ்சலித் தட்டியை யாரோ படம்பிடித்து அனுப்பியிருந்தார்கள். காலைப் பாராயணத்தின் நடுவே அதைப் பார்த்தேன். மனத்தில் முதலில் எழுந்தது துயரம் அன்று. ‘ஒரே தட்டியில் நான்கு விதமான எழுத்து, பெயருக்குப் பின்னால் பொன்னிற நிழல் வேறு’ என்பதே முதலில் எழுந்தது. வாழ்நாளெல்லாம் பதிகம் ஓதிய வாய், ஒரு மரணச் செய்தியின் முன் இறைவனை அழைக்காமல் எழுத்துருவைக் குறை கூறிற்று. என்னை இந்த அளவுக்குக் கெடுத்தவர் அந்தத் தட்டியில் சிரித்துக்கொண்டிருந்தவரேதான்.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர் அவருடைய மனைவி செல்வி. “எனக்கும் அவருக்கும் ஆகாது, அம்மா. ஊரறியும்” என்றேன்.

“அதுக்குத்தாங்கய்யா கேக்குறேன். நல்லவரு வல்லவருன்னு எழுத நெறைய பேர் இருக்காங்க. நீங்க உள்ளத எழுதுங்க.”

ஆகவே, அவரை அறிந்த உங்கள் முன் உள்ளதையே வைக்கிறேன். குணசேகரன் திமிர் பிடித்த மனிதர்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய கடையை நீங்கள் அறிவீர்கள். சோடாப் புட்டியின் சீட்டு, மூக்குப்பொடி டப்பா மூடி, டாக்கீஸ் நோட்டீஸ், ஜவுளிக்கடைப் பை என்று பிறர் குப்பையில் எறிந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருப்பார். அவற்றின் எழுத்தை மெல்லிய தாளில் வரைந்தெடுத்து, கணினியில் ஏற்றி, பழைய பாணி எழுத்துருவாக்கி விற்பார். நேற்றுத் திறந்த பிரியாணிக் கடைக்கும் இன்று தாத்தா காலத்து முகம் வேண்டியிருக்கிறதே, அந்தப் பைத்தியத்தை நம் பக்கத்தில் பரப்பியவர் இவர்தான்.

அப்படி ஒரு பிரியாணிக் கடைக்காரர், பலகை முழுக்கப் பழைய எழுத்தும் பழுப்புக் கறையும் கேட்டு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

“தூசியத் தடவுனா பழசாயிடுமாண்ணே? அப்ப என் மேசைதான் உலகத்துலயே பழசு” என்றார் குணசேகரன். “ஒரு பலகைக்குப் பழைய எழுத்து ஒண்ணு போதும். ரெண்டு வச்சா, ஒரே கல்யாணத்துல ரெண்டு நாயனம் வாசிச்ச மாதிரி. தலைப்புக்குப் பழசு வைங்க. நேரம், எடம், போன் நம்பருக்குப் புதுசு வைங்க. படிக்கிறவன் ரசிச்சுக்கிட்டே நின்னா பஸ்ஸ வுட்டுருவான்.”

சரியாகத்தான் சொன்னார். சரியாகச் சொல்பவனிடம் பணிவும் இருக்க வேண்டும் என்று சான்றோர் வகுத்தது மட்டும் அவர் காதுக்கு எட்டியதில்லை. கடைக்காரர் முகம் சிவந்து வெளியேறினார்.

எங்கள் ஊர்க் கோயிலின் குடமுழுக்குக்குத் திருப்பணிக் குழுத் தலைவன் நான். அழைப்பிதழை அவரிடம் கொடுத்தோம். அதன் முகப்புக்கு நான் எண்சீர் விருத்தம் ஒன்று இயற்றி, அடியில் என் பெயரும் இட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால், நான்கடிப் பாட்டு மூன்றடியாக நிற்கிறது.

“பாட்டு அம்சமா இருக்குங்கய்யா. நாலாவது வரிதான் உக்கார மாட்டேங்குது” என்றார்.

“விருத்தத்தில் ஓர் அடியைக் கழற்றுவது கோபுரத்தில் ஒரு நிலையைக் கழற்றுவது போல, தெரியுமா?”

“கோபுரம் கட்டுனவன் எடத்த அளந்து பாத்துட்டுத்தாங்கய்யா கட்டுனான்.”

கடை முழுவதும் சிரித்தது. நான்காம் அடியைத் திரும்பச் சேர்க்கும்வரை நான் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. சேர்த்த பிறகே அச்சுக்கு ஒப்புதல் அளித்தேன்.

அடுத்து நடந்ததை இளையவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கருமாதிப் பத்திரிகை வந்தால் படித்தவுடன் கிழித்துவிடுவோம், வீட்டுக்குள் வைப்பதில்லை. நான் வாலிபனாக இருந்தபோது, சுற்றுவட்டாரம் முழுமைக்கும் அந்தப் பத்திரிகைகளை ஒரே அச்சகம்தான் அடித்தது. அதற்கென்றே ஓர் எழுத்து வைத்திருந்தது. யானைக் கால் போல அடி பருத்து, தலை சிறுத்த கறுப்பெழுத்து. படிக்கத் தெரியாதவர்களும் அந்த எழுத்தைத் தொலைவிலிருந்தே அறிவார்கள். அச்சகம் மூடப்பட்டது, எழுத்தும் மறைந்தது. எங்கோ ஒரு பழைய காகிதக் கட்டில் அந்தத் தாளின் கிழிந்த பாதி குணசேகரனுக்குக் கிடைத்திருக்கிறது. அழகில் மயங்கினார். அது எதற்கு ஆன எழுத்து என்று ஒரு முதியவரையும் கேட்கவில்லை. வரைந்தார், உருவாக்கினார், எங்கள் குடமுழுக்கு அழைப்பின் தலைப்பிலும் என் பெயரிலும் வைத்தார்.

முத்துப்பேட்டையில் இருக்கும் என் அக்காவுக்கு எழுத்தறிவு கிடையாது. என் பெயரின் வடிவத்தை மட்டும் அடையாளம் காண்பாள். அஞ்சலில் வந்த தாளில் அந்த எழுத்தைக் கண்டாள். அதிலே என் பெயரைக் கண்டாள். யாரிடமும் காட்டாமல் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு காரைப் பிடித்து, வழியில் மாலையும் வாங்கிக்கொண்டு, மாரில் அடித்தபடி வந்து இறங்கினாள். யாகசாலைப் பந்தலுக்குக் கால் நடும் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“அடப்பாவி தம்பி! நீ இருக்கியாடா!”

இருந்தேன். அவள் அழுதுகொண்டே என் முதுகில் நான்கு அடி அடித்தாள். பிறகு கையைப் பார்த்து, “இந்த மாலைய இப்ப என்னடா பண்றது?” என்றாள்.

ஏணியில் நின்று தட்டி கட்டிக்கொண்டிருந்த குணசேகரன் மேலிருந்தே சொன்னார்: “ஐயா கழுத்துலயே போட்டுருங்கம்மா. கமிட்டித் தலைவருக்கு எப்படியும் ஒரு மாலை உண்டு.”

ஊர் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இன்றுவரை சிரிக்கவில்லை.

அன்று மாலைக்குள் ஏழெட்டு வீடுகளிலிருந்து அதே செய்தி வந்தது. முதியவர்கள் அழைப்பிதழைப் படிக்காமலே கிழித்திருந்தார்கள். குழுவைக் கூட்டினேன். “எழுத்தின் பிறப்பறியாதவன் கையில் தெய்வ காரியத்தைக் கொடுத்தோம். யாரையும் கேளாமல் செய்துவிட்டான்” என்று அனைவர் முன்னும் சொன்னேன். குணசேகரன் என்னைப் பார்த்தார். “ஐயா சொன்னா சரி” என்றார். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் நம் வட்டாரத்தில் எந்தக் கோயிலும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை.

சென்ற மாதம் செல்வி வந்தபோது ஓர் உறையை என் முன் வைத்தார். கடை மேசையில் இருந்ததாம். உள்ளே அழைப்பிதழின் மெய்ப்புத்தாள். தலைப்பில் அதே யானைக்கால் எழுத்து. ஓரத்தில், ‘நான்காம் அடி சரி. அச்சிடலாம்’ என்று என் கையெழுத்து.

ஆம். அந்தத் தாளை முன்கூட்டிப் பார்த்தவன் நான். அந்த எழுத்தை அறிந்த கண்ணும் என்னுடையதே. என் நான்காம் அடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அதற்கு மேலே கண் போகவில்லை. குழுவின் முன் இந்த ஒரு தாளை அவர் நீட்டியிருந்தால், ஏணியைச் சுமந்து போனவர் வேறொருவராக இருந்திருப்பார்.

“இத ஏங்கய்யா அவரு யார்கிட்டயும் காட்டல?” என்று செல்வி கேட்டார். பெருந்தன்மை என்று அவர் நினைக்கிறார். எனக்கு அது குணசேகரனின் திமிர்களிலேயே பெரிய திமிராகப் படுகிறது. என்னைக் கடனாளியாக்கிவிட்டு, கடனைத் திருப்பிக் கொடுக்க ஆளில்லாமல் செய்துவிட்டார். அன்று குழுவில் இருந்தவர்கள் இந்த மலரைப் படிப்பீர்கள். நான் அன்று சொன்னது பொய்.

செல்வி கருமாதிப் பத்திரிகைக்குப் பாட்டுக் கேட்டார். எழுதினேன். எந்த எழுத்தில் அடிப்பது என்றும் கேட்டார்.

“தலைப்புக்கு அந்த யானைக்கால் எழுத்து. அது ஒன்றுதான். நாளும் நேரமும் இடமும் சாதாரண எழுத்தில் இருக்கட்டும். வருகிறவர்கள் பேருந்தைப் பிடிக்க வேண்டும்” என்றேன். மெய்ப்பு வந்தது. இந்த முறை தாள் முழுவதையும் பார்த்தேன். பாட்டின் நான்காம் அடி பக்கத்து வரிகளை நெருக்கிக்கொண்டு நின்றது. நானே அதை அடித்து நீக்கிவிட்டேன்.

பத்திரிகை கிடைத்த அன்று முத்துப்பேட்டையிலிருந்து அக்கா பேசினாள்.

“தம்பி, இந்தத் தடவ நெசந்தானா?”

“நெசந்தான் அக்கா. நான் இல்லை. அந்த ஏணிக்காரன்.”

“மாலை போடச் சொன்னவனா? பாவி, வாய்க்காரன்” என்றாள். தாள் கிழியும் ஓசை எனக்குக் கேட்டது.

எனக்கு வந்த பிரதியை நான் கிழிக்கவில்லை. சாத்திரம் அறிந்தவன், அதனால் வீட்டுக்குள்ளும் கொண்டுபோகவில்லை. வாசல் தாழ்வாரத்தில், கைக்கெட்டும் உயரத்தில், ஓட்டின் இடுக்கில் செருகி வைத்திருக்கிறேன். வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் அதன் பருத்த கால்கள் என் கண்ணில் படுகின்றன.