செவ்வரத்தம்பூ வைன்

பெரியம்மாவின் வைன் சாடி முழங்கால் உயரம். கொட்டாஞ்சேனையில் எங்கள் குசினி மூலையில், ஒக்டோபர் பிறந்ததும் வந்து குந்திவிடும். அன்னாசித் துண்டு, சீனி, ஒரு பிடி கோதுமை, ஈஸ்ட்; நிறத்துக்குச் செவ்வரத்தம்பூ இதழ்கள். வாயைத் துணியால் கட்டிவிட்டால் பிறகு ஒருவரும் கிட்டப் போகக்கூடாது. "நுரை அடங்குமட்டும் போத்தலை இறுக்கி மூடாதேங்கோ, துணியை மட்டும் அடையுங்கோ" என்று வருடா வருடம் அதே பாட்டு. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வரும் எல்லோருக்கும் ஒரு கிளாஸ். பக்கத்து வீட்டு மாஸ்டருக்கு மட்டும் இரண்டு. மனிதர் கேட்டே வாங்குவார்.

அந்த வருடம் எனக்கு வயது பத்தொன்பது, புத்தி ஒன்பது. கந்தோரில் கூட வேலை செய்தவர்களுக்கு நாலு போத்தல் கொடுத்துப் பெருமையடிக்க ஆசை. போத்தல்களில் வடித்து வைத்த வைனில் நுரை இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பெரியம்மா பூசைக்குப் போன நேரம் பார்த்து, துணியைப் பிடுங்கிவிட்டுத் தக்கையை அடித்து இறுக்கி, மெழுகுதிரி உருக்கி மேலே ஊற்றினேன். கடைப் போத்தல் மாதிரி அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று போத்தல்கள் வெடித்தன.

யுத்த காலம். கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுக்குள் 'டமார்' என்று கேட்டால் வைன் என்று யார் நினைப்பார்கள்? சந்திச் சோதனைச் சாவடியிலிருந்து பொலிஸ் வந்தபோது, பெரியம்மாவின் ஒரே மகன், எங்கள் அண்ணா, முழங்காலில் நின்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் சிவப்பு. ஒரு சார்ஜன்ட் மோந்து பார்த்துச் சிரித்தே விட்டார். கூட வந்த பெரிய அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாவின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். மெழுகு வைத்து மூடியது யார் என்று சிங்களத்தில் கேட்டார். கதவோரம் நின்ற எனக்கு நாக்கு எழும்பவில்லை. அண்ணா என்னை ஒருதரம் பார்த்தான். "நான்தான்" என்றான்.

அயலில் ஒருவர் இவனுக்காகச் சொன்னால் விட்டுவிடலாம் என்றார்கள். மாஸ்டரைக் கூப்பிட்டார்கள்.

"சொல்லுங்கோ மாஸ்டர், வருசா வருசம் குடிச்சனீங்கள்தானே!" என்று பெரியம்மா கெஞ்சினார். அவர் தரையைப் பார்த்தபடி, இந்த ஆட்களை எனக்குப் பெரிதாகத் தெரியாது என்று நல்ல சிங்களத்தில் சொன்னார். பாவி மனுஷன்! அண்ணாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினேழாம் நாள் திரும்பி வந்தான். வலது காது அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

அடுத்த நத்தாருக்கு மாஸ்டர் வந்தாரே, அந்தத் துணிச்சலை என்ன சொல்ல! பெரியம்மா அந்த முறை ஒரேயொரு போத்தல்தான் போட்டிருந்தார். கிளாஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, அண்ணாவைத் தோளில் பிடித்து முன்னால் நிறுத்தினார். "மாஸ்டர், இது என்ர மகன். இப்ப தெரியுதோ?"

அவர் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். பிறகு வாசல் மிதிக்கவில்லை. நல்லா வேணும் என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்றைக்கும் சொந்தக்காரர் கூடினால் மாஸ்டரைத் திட்டுவதில் நான்தான் முதல் ஆள். எல்லோரும் தலையாட்டுவார்கள். கனடாவிலிருந்து அழைக்கும் அண்ணா மட்டும் பேச்சை மாற்றிவிடுவான். பெரியம்மா சாகும்வரை அவனைத்தான் "அவசரக்குடுக்கை, உன்ர அவசரத்தாலதானே எல்லாம்" என்று ஏசினார். அவன் ஒருநாளும் மறுத்துச் சொல்லவில்லை. மாஸ்டர் வாயைத் திறந்து ஒரு பொய்யாவது சொன்னார். நான் அதுகூடச் சொல்லவில்லை.