வெளிச்சவீட்டின் பகல் திரை

ஜெர்மனியின் வடகடலோரத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து பழுதுபார்த்த, முன்பு கப்பல்களுக்கு வழிகாட்டிய பழைய வெளிச்சவீட்டுக்கு மகள் என்னைக் கூட்டிப்போனாள். உச்சி அறையில், விளக்கின் பெரிய கண்ணாடியைச் சுற்றிக் கட்டியிருந்த திரையிலிருந்து வெயிலில் காய்ந்த துணியின் வாசம் வந்ததும், யாழ்ப்பாணக் கரையில் அப்பா காவலிருந்த, பிறகு போரில் இடிந்துபோன வெளிச்சவீட்டில் மறுபடி சிறுவனாய் நின்றேன்.

விடிந்ததும் அப்பா விளக்கை அணைத்து, மண்ணெண்ணெய்க் கைகளைத் துடைத்து, மஞ்சள் திரையை இழுத்து மூடுவார். மூடாவிட்டால் கண்ணாடி வெயிலைக் குவித்து எரித்துவிடும். விலக்கினால் சுவரெல்லாம் வானவில் விழும் என்பதால் ஒருநாள் விலக்கினேன், மூடாமல் இறங்கிவிட்டேன். மறுபக்கத் திரை கருகி ஓட்டையானது.

"நான்தான் சரியா மூடேல்லை போல," என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். நான் பேசாமல் இருந்தேன். அதன்பின் அவர் தன் ஞாபகத்தை நம்பவில்லை. தினமும் தேநீர் குடித்துவிட்டு, நோகும் முழங்காலோடு, திரையைப் பார்க்க மறுபடி ஏறுவார். இரும்புப் படிகளில் அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டபடி பாயில் கிடப்பேன்.

"கொஞ்சம் விலத்திப் பாக்கட்டே, அப்பா?" என்று பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை, எரிஞ்சுபோம். உன்ர அப்பப்பா சொன்னவர். நான் கேக்கேல்லை."

அவள் விளிம்பைத் தொட்ட கையை எடுத்தாள். இறங்கும்போது முழுவதையும் சொன்னேன். பாதிப் படியில் அவள் நின்றாள்.

"நில்லுங்கோ அப்பா, திரை மூடிக் கிடக்கோ எண்டு பாத்திட்டு வாறன்."