அலைக்குத் தளரும் கை

ஞாயிற்றுக்கிழமை மதியப் பாத்திரங்களை அவளுடைய வீட்டுக்காரர்தான் தேய்ப்பார். அவள் துடைத்து அடுக்குவாள். அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையத்தில் அவருக்கு வேலை. கடலில் கட்டியிருக்கும் மிதவைகளின் பிடியை, வருகிற அலைக்கு ஏற்ப இறுக்கியும் தளர்த்தியும் கொடுப்பார். இப்போது அதற்கு ஒரு மிஷின் வந்திருக்கிறது. அவர் கையின் போக்கைப் பார்த்துத்தான் அது பழகுகிறது. பழகிவிட்டால் அவருக்கு வேலை இல்லை, வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

“மக்கு மிஷின். பெரிய அலை வந்து மோதினப்புறம்தான் தளர்த்துது,” என்றார், சட்டியைச் சுரண்டியபடி. கொஞ்ச நாளாக இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

“தம்பி வந்திருந்தான்,” என்றாள் அவள். அந்த மிதவைகளைப் பழுது பார்ப்பவன் அவன். “மாமா ஓட்டுறப்பவும் மிதவை வெடுக்குன்னு இழுக்குதாம். முன்னெல்லாம் தொட்டில் மாதிரி இருக்குமாம்.”

“உன் தம்பிக்கு ஊஞ்சல்ல உக்காந்தாலே தலை சுத்தும்.”

“அவனும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரல.” அவள் தட்டைக் கீழே வைத்தாள். “ஏங்க, அது தப்பாக் கத்துக்கட்டும்னு வேணும்னே லேட்டாத் தளர்த்துறீங்களா?”

அவர் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாளைக்கு மிஷின் தனியா ஓட்டப்போகுதாம். அப்ப மிதவை மேல நிக்கப்போறது என் தம்பிதான். போகச் சொல்லவா, வேணாம்னு சொல்லவா?”

அவர் குழாயை மூடினார். அவள் தோளில் கிடந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, “போக வேணாம்னு சொல்லு,” என்றபடி சமையலறையை விட்டு வெளியே போனார்.