முதல் வழக்குக்குக் கொடுத்த தலைமுடி

தம்பியின் வழக்கில் ஜூரிமார் பன்னிரண்டு பேரும் ஒத்துவர முடியாமல் கலைந்துபோன நாளை நாங்கள் விடுதலை நாள் என்றே கொண்டாடினோம். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நடந்தது இதுதான். நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர் நகரத்தில், லாசால் பகுதியில் ஒரு கலியாண மண்டபத்துக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில், இரண்டு பேர் வாய்த்தர்க்கப்பட்டார்கள். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றுகிற என் தம்பி விலக்குப் பிடிக்கப் போனான். அவர்களில் ஒருவர் பனிக்கட்டியில் விழுந்து, தலை அடிபட்டு இறந்துபோனார். கையால் விலக்கினேன் என்றான் தம்பி. குத்தி விழுத்தினான் என்றது அரச தரப்பு. நான் அந்த நேரம் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் அவனுக்கு அக்கா என்பதைத் தவிர என்னிடம் வேறு சாட்சியம் இல்லை.

பிணையில் வீட்டில் இருந்தபடிதான் வழக்குக்குப் போய்வந்தான். ஜூரிமார் முடிவு வரவில்லை என்றபோது நீதிபதி இன்னொருமுறை பேசிப் பார்க்கச் சொன்னார். பேசினார்கள், வரவில்லை. நன்றி சொல்லி அவர்களை அனுப்பிவிட்டார். தம்பியும் எங்களோடு மெட்ரோ ஏறி வீட்டுக்கு வந்தான். இனி அரச தரப்புத்தான் யோசிக்க வேண்டும் என்று எங்கள் சட்டத்தரணி ஏதோ இழுத்தார். ஆனால் எங்கள் தேவாலயப் பங்கில் சட்டம் படித்தவர்போலக் கதைக்கிற ஒருவர் இருக்கிறார். ஒரே குற்றத்துக்கு ஒருவனை இரண்டு தரம் விசாரிக்க இந்த நாட்டில் ஏலாது என்று அவர் அடித்துச் சொன்னார். காசு வாங்கிக்கொண்டு சொன்னவரை விட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் கோப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னவரை நம்பினோம்.

தம்பியின் மனைவி ஊரில் இருக்கிற மடு மாதாவுக்குத் தன் தலைமுடியை நேர்ந்திருந்தாள். இடுப்பைத் தாண்டி விழும் முடி. அவன் மறியற்சாலைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தால் மொட்டை போடுவேன் என்பது நேர்த்தி. வந்துவிட்டானே. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் முடி வெட்டுகிற வங்காளத்துக்காரர் உண்மையாகவா என்று அவளைக் கேட்டார். பிறகு கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு நன்றிப் பூசை. இறந்தவரின் தாயும் எங்கள் பங்குதான். தம்பி வீடு திரும்பியதற்கு நன்றியாக என்று பூசைக் கருத்தை வாசித்தபோது அவர் எழுந்து வெளியே போனார். பூசை முடிந்து பற்றிஸ் பலகாரமும் கேக்கும் கொடுத்தோம். என் தட்டை நான் அப்படியே வைத்துவிட்டேன்.

சில கிழமைகள் கழித்துச் சட்டத்தரணி எங்களைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மறுபடியும் விசாரணையாம். இரண்டு தரம் விசாரிக்கக் கூடாது என்பது தீர்ப்பு வந்த வழக்குக்குத்தான் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். இங்கே குற்றவாளி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புது ஜூரி, முதலிலிருந்து எல்லாம். முந்தின பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் தம்பியை நம்பினார்கள் என்று கேட்டேன். அது யாருக்கும் தெரியவராது, வெளியே சொல்ல அவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்காது என்றார். பதினொரு பேர் நம்பியிருக்கலாம். ஒரே ஒருவர் நம்பியிருக்கலாம். பழைய விசாரணை முடிவில்லாதது, ஆகவே நடக்காததுக்குச் சமன் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"அப்ப என்ரை தலைமயிர்?" என்று தம்பியின் மனைவி தமிழில் என்னைக் கேட்டாள்.

நான் அதை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

இரண்டாம் விசாரணைக்கு முன் அவள் எதையும் நேரவில்லை. கொடுக்க என்ன இருக்கிறது என்றாள். என்னுடையதை நேரட்டோ என்று கேட்டேன். என் நரைத்த நாலு மயிரை வைத்துக்கொண்டு மாதா என்ன செய்வா என்று நானே சொல்ல, இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அதே சாட்சிகள், அதே பனிக்கட்டிப் படம். பாடமாக்கியது போலச் சொன்னார்கள். இறந்தவரின் தாய் மகனின் தலைக்காயத்தைப் பற்றி எல்லாவற்றையும் இன்னொருமுறை இருந்து கேட்டார். எனக்கு அவரைப் பார்க்கத் துணிவில்லை. புதிய பன்னிரண்டு பேரில் சிரித்த முகம் யார், கண்டிப்பான முகம் யார் என்று நான் மறுபடியும் முகம் படித்துக்கொண்டிருந்தேன். முந்தினவர்கள் ஒத்துவரவில்லை என்பது இவர்களுக்குத் தெரியக்கூடாதாம்.

அவர்கள் முடிவெடுக்க உள்ளே போன பிறகு நானும் தம்பியின் மனைவியும் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். மூன்றாம் நாள் முடிவு வரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொருமுறை பேசிப் பாருங்கள் என்றார் நீதிபதி. அதே சொற்கள். ஒத்துவரக் கூடாது, மாதாவே, ஒத்துவரக் கூடாது என்று என் வாய் முணுமுணுத்தது. போன தடவை எது எங்களைக் கெடுத்ததோ அதையேதான் இப்போது இரந்துகொண்டிருந்தேன்.

"இந்தமுறையும் ஒத்துவராட்டி என்ன செய்வினம், மச்சாள்?"

"பேந்தும் முதல்லையிருந்து துவங்கலாமாம்."

அவள் பிடரியில் கையை வைத்தாள். முடி அப்போதுதான் காதைத் தொட்டிருந்தது. அதை இரண்டு விரலால் இழுத்து நீளம் பார்த்தாள்.

"அதுக்கிடையிலை வளர்ந்திடும்" என்றாள்.