வெறுங்கழுத்தோடு ஞானஸ்நானத்துக்கு

அன்றைக்குத் தாலியை எதற்காகக் கழற்றினேன்? கணவருக்காகவா, கைப்பேசியில் பார்த்த பெண்களைப் போல இருக்க வேண்டும் என்றா, இல்லை எனக்கே ஆசையாக இருந்ததா? இரண்டு மாதமாக யோசிக்கிறேன். பதில் கிடைக்கவில்லை.

என் கணவருக்கு அவருடைய அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பாரிஸுக்கு வெளியே ஒரு கிடங்கில் வேலை. நானும் நான்கு வயது மகளும் வில்லியனூர் பக்கத்தில் மாமியாரோடு இருக்கிறோம். எங்களுக்கு விசா வந்த வாரம் வீடியோ காலில் அவர் சாதாரணமாகச் சொன்னார்: "இங்க வந்து ஜிகுஜிகுன்னு போட்டுக்கினு நிக்காதடி. இங்க யாரும் அப்டி போடமாட்டாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஊர் ரயில் நிலையத்தில் அவர் என்னைவிட்டு நாலடி தள்ளி நடப்பது போலவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு, மகள் பள்ளிக்குப் போன நேரமெல்லாம் பாரிஸ் பெண்கள் எப்படி உடுத்துகிறார்கள் என்று வீடியோ பார்த்தேன். கறுப்பு, வெள்ளை, சந்தன நிறம். பூப்போட்ட துணி கூடாது. கழுத்தில் ஒன்றும் வேண்டாம். பரீட்சைக்குப் படிப்பது போல நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். பாண்டிக்குப் போய்க் கணுக்கால்வரை வரும் ஒரு கறுப்புக் கவுன் வாங்கினேன்.

நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. நம் ஆட்கள் முன்னால் ஒருமுறை போட்டுப் பழகிவிட்டால் அங்கே கூச்சம் இருக்காது என்று நினைத்தேன். வளையலைக் கழற்றினேன். பூ வைக்கவில்லை. சிலுவை பதித்த தாலியைச் சங்கிலியோடு கழற்றிக் கைப்பையில் போட்டேன். கண்ணாடியில் என் கழுத்து நீளமாக, யாரோ ஒருத்தியுடையது போல இருந்தது. பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மாமியார் காலையிலேயே மாதா கோயிலுக்குப் போயிருந்தார். நான் போனபோது கோயில் வாசலில் நாத்தனார்தான் முதலில் என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணி இது, பெரிய வெள்ளிக்கிழமைக்கு வந்த மாரி வந்துக்கிற? எம்புள்ளைக்கு ஞானஸ்நானம்ண்ணி, சிலுவைப்பாதை இல்ல!"

இயேசு இறந்த அந்த நாளுக்குத்தான் எங்களில் கறுப்பு உடுத்துவார்கள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு போயிருக்கும். ஆனால் பூரணாங்குப்பத்திலிருந்து வந்திருந்த, கணவரின் பெரியம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கறுப்பு உடுப்பைப் பார்த்தார். என் கழுத்தைத் தடவினார். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டு குரலெடுத்து அழ ஆரம்பித்தார்.

"ஐயோ எம்மா! எப்பம்மா ஆச்சு? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே! அவனுக்கு இன்னா வயசாச்சு, போறதுக்கு?"

"இல்ல பெரியம்மா, அவர் நல்லாக்கிறாரு, காலைலகூட பேசினாரு" என்று நான் சொல்வது அவர் அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை. மாமியார் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைத் திட்டவில்லை. "தாலி பையிலதான கீது? எடுத்துப் போடு" என்றார். அவ்வளவுதான். கோயில் சுவரோரம் நின்று போட்டுக்கொள்ளப் பார்த்தேன். கொக்கி மாட்டவே இல்லை. கடைசியில் மாமியார்தான் மாட்டிவிட்டார்.

என் மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா செத்துட்டாராம்மா?"

அன்று மாலையே கணவரை வீடியோ காலில் கூப்பிட்டு அவளுக்குக் காட்டினேன். "ஏய் குட்டி, அப்பா பேசறேன்டி" என்றார் அவர். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது பழைய வீடியோ" என்றாள். சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம் அவருடைய பழைய வீடியோக்களைப் போட்டுக்காட்டி ஊட்டியது நான்தான். "கை ஆட்டச் சொல்லு பாப்பா" என்றேன். அவர் ஆட்டினார். "அதுலயும் ஆட்டுவாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவர் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார். நடந்ததை நானும் சொல்லவில்லை. சொன்னால் தன் பேச்சால்தான் இப்படி ஆனது என்று அங்கே தனியாக உட்கார்ந்து வருந்துவார். சொல்லாமல் இருப்பதும் பொய்தானோ என்று பாத்திரம் விளக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

இப்போதெல்லாம் மகள் காலையில் எழுந்ததும் என் கழுத்தில் சங்கிலி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள். இருந்தால் பல் தேய்க்க வருகிறாள். அவர் போன் வந்தால் வேறு அறைக்குப் போய்விடுகிறாள். பாரிஸுக்குப் போகிறோம் என்று சொன்னால், "அங்க யாரு இருக்கா?" என்கிறாள்.

அடுத்த மாதம் கிளம்புகிறோம். விமான நிலையத்தில் அவரைத் தொட்டுப் பார்த்தால் நம்பிவிடுவாள் என்கிறார் மாமியார். இருக்கலாம். ஆனால் அதுவரை இருக்கும் இந்த நாட்களை எப்படிக் கடத்துவது? அப்பா உயிரோடு இருப்பதற்கும் அம்மா கழுத்தில் கிடப்பதற்கும் சம்பந்தமில்லை என்று நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? பிள்ளைகளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குத் தெரிந்ததை எனக்கு எழுதுங்கள்.